காலையில் விடுபடும் கோடுகள்: ஹெட்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி: எங்களிடம் ஈகோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த) மையில் இயங்கும் பெரிய அகல இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. டிஎக்ஸ்5 வகை ஹெட் (மையைத் துளிகளாகத் தெளிக்கும் அச்சுத் தலை), நான்கு வண்ணங்கள். சில மாதங்களாகத் தினமும் காலையில் நாசில் டெஸ்ட் (ஹெட்டின் நுண்துளைகளான நாசில்கள் எல்லாம் மை விடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு) எடுத்தால் கறுப்பில் கோடுகள் விடுபடுகின்றன. நான்கைந்து முறை ஸ்ட்ராங் க்ளீனிங் கொடுத்தால் ஓரளவு சரியாகிறது. ஆனால் சில நாட்களில் கறுப்பு திரும்பும்போது, அதுவரை நன்றாக இருந்த மெஜந்தா விடுபடத் தொடங்குகிறது. பார்க்க வந்த டெக்னீசியன் ஹெட் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அசிட்டோன் அல்லது ஆல்கஹால் விட்டுக் கழுவலாம் என்றும், ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடலாம் என்றும் வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? அடுத்த மாதம் பத்து நாட்கள் கடையை மூட வேண்டியிருக்கிறது. அப்போது இயந்திரத்தை எப்படி விட்டுச் செல்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஹெட்டை இப்போது மாற்ற வேண்டாம். தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், குறை ஹெட்டுக்குள் இருப்பதைவிட, ஹெட் இரவில் ஓய்ந்திருக்கும் ரப்பர் விளிம்புள்ள மூடியான கேப்பிலோ, அதற்கு மை கொண்டுவரும் சிறு பெட்டியான டேம்பரிலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காலையில் மோசமாக இருப்பது, க்ளீனிங் கொடுத்தால் திரும்புவது, ஒரு வண்ணம் திரும்பும்போது இன்னொரு வண்ணம் விடுபடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது கெட்டியாக அடைத்துப்போன நாசிலின் இயல்பு அன்று. கெட்டியாக அடைத்த நாசில் காலையிலும் மாலையிலும் அதே இடத்தில் அடைத்தே இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஹெட்டின் அமைப்பை ஒருமுறை மனத்தில் கொண்டுவர வேண்டும். தங்கள் ஹெட்டில் எட்டு வரிசைகள் உள்ளன. வரிசைக்கு 180 நாசில்கள், ஆக மொத்தம் 1440. ஒரு வரிசையின் நீளம் ஓர் அங்குலம்தான். ஒவ்வொரு துளையும் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. துளைக்குப் பின்னால் உள்ள பைசோ படிகம் மின்னழுத்தம் பட்டதும் அசைந்து, சில பிக்கோலிட்டர் அளவே உள்ள துளியை வெளியே தள்ளுகிறது. ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. துளையின் வாயில் மை ஒழுகாமலும் உள்ளே பின்வாங்காமலும் மெல்லிய படலமாக நிற்பதற்கு, ஹெட்டுக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவான அழுத்தம் இருந்தாக வேண்டும். இந்தச் சமநிலை இரண்டு வழிகளில் கெடுகிறது. துளையின் வாயில் கரைப்பான் ஆவியாகி மை தடித்துப்போவது ஒன்று. மேலே எங்கோ ஒரு மூட்டில் காற்று புகுந்து, மைத்தாரை ஹெட்டிலிருந்து பின்வாங்கித் தொட்டிப் பக்கம் இறங்கிவிடுவது மற்றொன்று. தாளில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை இடைவெளியாகத்தான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஆகவே முதலில் தாளைப் படியுங்கள். நாளைக் காலை இயந்திரத்தைப் போட்டதும், க்ளீனிங் எதுவும் கொடுக்காமல் ஒரு நாசில் டெஸ்ட் எடுங்கள். தாளின் மூலையில் நேரத்தை எழுதுங்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொன்று, ஒரு சாதாரண க்ளீனிங்குக்குப் பிறகு மற்றொன்று, முழு அடர்த்தியில் ஒரு நீண்ட வேலை ஓடிய உடனே கடைசியாக ஒன்று என்று எடுத்து, நான்கையும் மேசையில் வரிசையாகப் பரப்புங்கள். விடுபட்ட படிக்கட்டுக் கோடுகள் நான்கு தாளிலும் அதே இடத்தில் இருந்தால் அவை உண்மையான அடைப்பு. இடம் மாறிக்கொண்டே இருந்தால் உள்ளே காற்றுக் குமிழி ஓடுகிறது. முதல் தாளில் நன்றாக இருந்து நீண்ட வேலைக்குப் பிறகு விடுபட்டால் மை போதுமான வேகத்தில் வந்து சேரவில்லை. டேம்பரின் வடிகட்டி நிறைந்திருக்கும், அல்லது மைத்தொட்டியின் காற்றுத் துளை மூடியிருக்கும். ஒரு வரிசை முழுவதும் ஒரே அடியாக மறைந்தால் அடைப்பை நினைக்கவே வேண்டாம்; 180 துளைகளும் ஓரிரவில் சேர்ந்து அடைத்துக்கொள்வதில்லை, அது மை இறங்கியதோ மின் கோளாறோதான். கோடு விடுபடாமல் சாய்ந்து, பக்கத்துக் கோட்டைத் தொட்டு நின்றால் துளையின் விளிம்பில் தூசியோ உலர்ந்த மையோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஒரு வண்ணத்தின் கட்டத்துக்குள் வேறு வண்ணத்தின் சாயல் தெரிந்தால் கேப்பில் தேங்கிய கலப்பு மை ஹெட்டுக்குள் ஏறியிருக்கிறது. அதுவும் கேப்பின் குறையே.

அடுத்து, இரவில் நடப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாலையில் வேலை முடித்ததும், கறுப்பு டேம்பரின் ஒளி ஊடுருவும் பக்கத்தில் மை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் மை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, மைக்குழாயில் வெறுமையான இடைவெளி தெரிந்தாலோ, மை இரவில் பின்வாங்கியிருக்கிறது. அப்படியானால் டேம்பரையும், குழாய் அதில் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். மூன்று ஆண்டுகள் ஓடிய இயந்திரத்தில் அவை மாற்றப்படாமல் இருந்தால், இந்தச் சோதனையின் முடிவு எதுவானாலும் மாற்றிவிடுவது நல்லது. மை கோட்டிலேயே நின்று, ஆனாலும் கோடுகள் விடுபட்டால் சந்தேகம் முழுவதும் கேப்பின் மீது திரும்புகிறது.

கேப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஹெட்கள் கெடத் தொடங்குவது அங்கேதான். ஹெட்டை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, கைவிளக்கின் வெளிச்சத்தில் கேப்பின் ரப்பர் உதட்டை நாலா பக்கமும் பாருங்கள். புதிய கேப்பில் அந்த உதடு மெல்லியதாகவும் மென்மையாகவும் ஒரே உயரமாகவும் இருக்கும். பழைய கேப்பில் ஏதாவது ஒரு மூலையில் மை உலர்ந்து பளபளப்பான பொருக்காகப் படிந்திருக்கும். அந்தப் பொருக்கின் உயரம் கண்ணுக்கே தெரியாத அளவாக இருந்தாலும், ஹெட் அதன் மேல் அமரும்போது அந்த மூலை முழுவதும் தூக்கி நிற்கும். இரவு முழுவதும் அந்த இடுக்கு வழியாகக் கரைப்பான் ஆவியாகும். இடுக்கு எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்த ஓரத்து வரிசைகள்தான் காலையில் முதலில் விடுபடும். பல இயந்திரங்களில் கறுப்பு ஹெட்டின் ஓரத்து வரிசைகளில் அமைந்திருப்பதால், தங்கள் கறுப்பு தொடர்ந்து பாதிக்கப்படுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

மெஜந்தா ஏன் விடுபடுகிறது என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. க்ளீனிங் என்பது கேப் வழியாகப் பம்ப் மையை உறிஞ்சுவது. கேப் சரியாகப் பொருந்தாதபோது பம்ப் மைக்குப் பதில் இடுக்கு வழியே காற்றை இழுக்கிறது. உறிஞ்சும் விசை எல்லா வரிசைக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. கேப்பில் நுரைத்து நிற்கும் மை ஹெட்டின் முகத்தில் படிந்து, நன்றாக இருந்த துளைகளின் வாயையும் கெடுக்கிறது. அதைச் சரிசெய்ய இன்னொரு ஸ்ட்ராங் க்ளீனிங், அதற்குப் பிறகு மற்றொன்று என்று போகும்போது, மை வீணாவதோடு குறையும் பெருகிக்கொண்டே போகிறது. இந்தப் பழக்கத்தைத் தாங்கள் இன்றே விட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் க்ளீனிங் கொடுக்காதீர்கள். இரண்டில் சரியாகாவிட்டால் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். சிறு குமிழிகள் பல நேரங்களில் தாமாக மேலேறிக் கரைந்துவிடும். அதன் பிறகும் மாற்றமில்லை என்றால் காரணத்தைத் தேடுவதுதான் வழி.

கேப்பையும் பம்பையும் சோதிக்க மூன்று பரிசோதனைகள் போதும். ஹெட்டை விலக்கிவிட்டுக் கேப்பில் க்ளீனிங் சொல்யூஷனை விளிம்பு வரை சிரிஞ்சால் நிரப்பி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். பம்ப் ஓடாமலே திரவம் கீழே இறங்கினால், பம்புக்குள் குழாயை அழுத்திப் பிடிக்கும் உருளையோ குழாயோ தேய்ந்திருக்கிறது, அல்லது கேப்பின் அடியில் குழாய் சேரும் இடம் கசிகிறது. திரவம் நின்றால் பம்பை ஓடவிடுங்கள். சில நொடிகளில் கேப் காலியாக வேண்டும், தயங்கித் தயங்கி இறங்கினால் வேஸ்ட் குழாயில் மை உறைந்திருக்கிறது. மூன்றாவதாக, ஹெட்டைக் கேப்பில் அமர்த்தி, கேப்பிலிருந்து பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதில் சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்துப் பாருங்கள். பொருத்தம் சரியாக இருந்தால் கையில் நல்ல எதிர்ப்பு தெரியும், பிறகு மை வரும். எதிர்ப்பே இல்லாமல் காற்று மட்டும் வந்தால் கேப்பை மாற்ற வேண்டும், அல்லது கேப் அமர்ந்திருக்கும் பகுதியான கேப்பிங் ஸ்டேஷனின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். கேப்புக்குள் இருக்கும் பஞ்சு கல்லாக இறுகிப்போயிருந்தால் அதை ஊறவைத்து மீட்க முயல வேண்டாம். கேப்போடு சேர்த்து மாற்றுங்கள்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் சில கோடுகள் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் விடுபட்டால், அங்கே உலர்ந்த மை உண்மையாகவே இருக்கிறது. அதற்கு முதல் வைத்தியம் ஊறவைத்தல். கேப்பில் தங்கள் மைக்குரிய க்ளீனிங் சொல்யூஷனை நிரப்பி, ஹெட்டை அதன் மேல் அமர்த்தி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு சாதாரண க்ளீனிங், ஒரு டெஸ்ட். பலன் தெரிந்தால் இன்னொரு முறை செய்யலாம். ஈகோ சால்வென்ட் மையின் பிசின் தன் கரைப்பானிலேயே மீண்டும் கரையக்கூடியது. அதற்கு நேரம்தான் தேவை, விசை தேவையில்லை. ஆனால் வலிமையான சொல்யூஷனில் நாட்கணக்கில் ஊறவிடுவதும் தவறு, ஹெட்டின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசையை அது தளர்த்தும்.

ஊறவைத்தும் திரும்பாவிட்டால், மேலிருந்து தள்ளுவதைவிடக் கீழிருந்து இழுப்பதே பாதுகாப்பானது. முன்பு சொன்னபடி கேப்பின் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி, மெதுவாக இழுத்து, சற்று நேரம் பிடித்து, விடுங்கள். மேலிருந்து சிரிஞ்சால் ஃபிளஷ் செய்வது கடைசி வழி. இயந்திரத்தை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, ஹெட்டின் கேபிள் இணைப்புகளை நன்றாக மூடிக்கொண்டு, டேம்பரைக் கழற்றிய முனையில் மென்மையான குழாய் வழியாகச் சொல்யூஷனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கட்டைவிரலுக்கு எதிர்ப்பு தெரிந்த கணமே நிறுத்துங்கள், அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு அழுத்தமும் உள்ளிருக்கும் மெல்லிய சுவர்களைப் பிளக்கும். கேபிள் இணைப்பில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும்போது மின்சாரத்தைக் கொடுத்தால் ஹெட்டோடு மெயின் போர்டும் சேர்ந்து போகும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம். யார் செய்தாலும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்ய வேண்டும்.

அசிட்டோன் வேண்டாம். அது பிசினைக் கரைக்கும் என்பது உண்மை. அதே வேகத்தில் ஹெட்டின் பசையையும் டேம்பரின் பிளாஸ்டிக்கையும் ரப்பர் வளையங்களையும் தாக்கும், விரைவில் ஆவியாகிக் கரைத்த பிசினைத் துளைக்குள்ளேயே விட்டுச் செல்லும். ஆல்கஹால் இந்த மையின் பிசினைச் சரியாகக் கரைப்பதில்லை. தண்ணீர் அதைவிடக் கேடு. ஈகோ சால்வென்ட் மையோடு தண்ணீர் கலந்தால் பிசின் திரிந்து வெளியே வரும். அல்ட்ராசோனிக் தொட்டியைப் பற்றி என் கருத்து தெளிவானது: அதிர்வு உலர்ந்த மையை உதிர்க்கும், ஆனால் நாசில் தகட்டின் ஒட்டுதலையும் பைசோவின் ஒட்டுதலையும் அதோடு சேர்த்தே தளர்த்திவிடக்கூடும். வேறு வழியே இல்லாமல் கழிக்கப்போகிற ஹெட்டில் சோதித்துப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். க்ளீனிங் கொடுத்தால் இன்னும் திரும்பிவரும் தங்கள் ஹெட்டை அதில் போடக் கூடாது. பஞ்சுக் குச்சியாலோ டிஷ்யூ தாளாலோ நாசில் தகட்டைத் துடைப்பதும் கூடாது. தகட்டின் மேல் மை ஒட்டாமல் இருப்பதற்கான நுண்ணிய பூச்சு இருக்கிறது. அது உராய்ந்து போனால் துளியின் திசை நிரந்தரமாகக் கோணலாகும். இழை உதிராத நுரைக் குச்சியைச் சொல்யூஷனில் நனைத்து, ஹெட்டின் பக்கவாட்டையும் விளிம்பையும் மட்டும் துடையுங்கள்.

இனி வராமல் காப்பது. மாலையில் மூடுவதற்கு முன் கேப்பின் உதட்டையும், ஹெட்டின் முகத்தை வழித்துவிடும் ரப்பர் தகடான வைப்பரையும், ஹெட்டின் பக்கங்களையும் துடைப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வைப்பரின் விளிம்பில் சிறு வெட்டு இருந்தாலும் அதை மாற்றுங்கள், அது ஒவ்வொரு முறையும் அழுக்கை ஒரே வரிசைக்குள் தேய்த்துவிடும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் அச்சிடும் பொருளான மீடியாவில் நிலைமின்சாரம் ஏறித் தூசியையும் துளியையும் இழுக்கும். மின்விசிறியின் காற்றோ ஏசியின் காற்றோ ஹெட் ஓடும் பாதையில் நேராகப் படக் கூடாது. ஹீட்டர் சூடாக இருக்கும்போது வேலையை இடையில் நிறுத்தி, ஹெட்டை மீடியாவின் மேலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மின்சாரம் நின்றால் ஹெட் நடுவழியில் திறந்து நிற்கும் என்பதால், அதைக் கேப்புக்குக் கொண்டுசேர்க்கும் அளவுக்காவது யூபிஎஸ் வேண்டும். ஒரு வண்ணம் அதிகம் பயன்படாத வேலைகள் தொடர்ந்து வந்தால், மீடியாவின் ஓரத்தில் நான்கு வண்ணப் பட்டை ஒன்றைச் சேர்த்து அச்சிடுங்கள், எல்லாத் துளைகளும் இயங்கிக்கொண்டிருக்கும். காலாவதியான மையையும், ஒரு நிறுவனத்தின் மையோடு இன்னொன்றையும் கலக்கக் கூடாது. வேறு மைக்கு மாற வேண்டுமானால் குழாய் முழுவதையும் ஃபிளஷ் செய்த பிறகே மாறுங்கள்.

யூவி மை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். யூவி மை ஆவியாகி உலர்வதில்லை, ஒளி பட்டு இறுகுகிறது. இறுகியதை எந்தச் சொல்யூஷனும் மீண்டும் கரைக்காது. பளபளப்பான பொருளின் மேல் அச்சிடும்போது விளக்கின் ஒளி திரும்பி ஹெட்டில் படாமல் பார்ப்பதும், திறந்திருக்கும் ஹெட்டில் வெயில் படாமல் பார்ப்பதும்தான் அங்கே முதன்மையான பாதுகாப்பு.

பத்து நாள் விடுமுறைக்கு வருகிறேன். மூடும் நாளில் டெஸ்ட் முழுமையாக இருக்க வேண்டும். குறையோடு மூடினால் குறை கூடித்தான் இருக்கும். கேப், வைப்பர், ஹெட்டின் பக்கங்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கேப்பில் தங்கள் மைக்குரிய சாதாரணச் சொல்யூஷனை (வலிமையானதை அன்று) நிரப்பி ஹெட்டை அமர்த்துங்கள். தங்கள் இயந்திரம் ஓய்வில் இருக்கும்போது தானாகக் க்ளீனிங் செய்துகொள்ளும் வகையாக இருந்தால் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். தொட்டியில் மையும், வேஸ்ட் பாட்டிலில் இடமும் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இயந்திரமானால், இடையில் ஐந்தாம் நாள் யாரையாவது அனுப்பி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி, கேப்பை மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் மூடுவதானால் மட்டும் மையை எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் முறையில் சொல்யூஷனால் ஹெட்டை ஃபிளஷ் செய்து வைக்க வேண்டும். பத்து நாளுக்கு அது தேவையில்லை.

ஹெட்டை உண்மையிலேயே எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். கறுப்பின் மைக்குழாயையும் வேறொரு வண்ணத்தின் மைக்குழாயையும் டேம்பரோடு இடம் மாற்றிப் பார்க்கும்போது, குறை குழாயோடு நகராமல் ஹெட்டின் அதே வரிசையிலேயே நின்றால் சந்தேகம் ஹெட்டின் மீது வருகிறது. இரண்டு மைகள் கலக்காமல் இருக்க, இந்தச் சோதனையைச் சொல்யூஷன் நிரப்பிய தனிக் குழாயைக் கொண்டு டெக்னீசியன் செய்யட்டும். மெதுவாக ஃபிளஷ் செய்யும்போது அந்த வரிசையின் எல்லாத் துளைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் நேராக இறங்கி, ஆனாலும் டெஸ்டில் வரிசை வராவிட்டால் அது மின் கோளாறு. அப்போது கேபிளையும் போர்டையும் முதலில் சோதித்த பிறகே ஹெட்டைக் குற்றம் சொல்ல வேண்டும். கேபிளைக் கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரம் முழுவதும் துண்டித்த பிறகே. இவ்வளவும் பார்த்து ஹெட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால், அதே நாளில் கேப்பையும் வைப்பரையும் எல்லா டேம்பர்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஹெட்டின் லேபிளில் உள்ள வோல்டேஜ் மதிப்பையோ குறியீட்டு எண்ணையோ இயந்திரத்தில் பதிவு செய்தாரா என்று டெக்னீசியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.